ஒரு சொல்லும் அறுநூறு பொருளும்



ஆங்கிலத்தில் உங்களுக்குக் கடினமாகத் தோன்றும் சொற்களை எழுதிக் காட்டுங்கள் என்று கேட்டால், நீங்கள் நீண்ட சொற்களாகவே பொறுக்கி எழுதுவீர்கள். பத்து எழுத்து, பன்னிரண்டு எழுத்து கொண்டவை. எழுத்துக் கூட்டும்போதே நாக்குப் புரள மறுப்பவை. உங்கள் வயதில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் பின்னால் எண்ணிப் பார்த்தால், நீண்ட சொல் எதனாலும் நான் பெரிதாக ஏமாந்ததில்லை. அதைக் கண்ட மாத்திரத்தில், 'இது நமக்குத் தெரியாது' என்பது தெரிந்துவிடுகிறது. உடனே அகராதியைப் புரட்டுகிறோம். அல்லது தெரிந்தவரைக் கேட்கிறோம். காரியம் முடிந்தது.

என்னை ஏமாற்றியது மூன்றே எழுத்துள்ள ஒரு சொல். ஆங்கிலம் தொடங்கிய ஆண்டிலேயே அதைக் கற்றுவிட்டேன். 'ரன்' என்பது அந்தச் சொல். அதற்கு 'ஓடு' என்று பொருள் என ஆசிரியர் சொல்லித் தந்தார். நாய் ஓடுகிறது, பையன் ஓடுகிறான் என்று படத்தோடு பாடமும் இருந்தது. அதற்குமேல் அந்தச் சொல்லில் அறிய வேண்டியது ஏதேனும் இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

1961-ஆம் ஆண்டு மாசி மாதத் தொடக்கம். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அறுவடை முடிந்தும் முடியாமலும், களத்தில் கட்டுகள் குவிந்து கிடந்த காலம். அடுத்த வீட்டுப் பெரியவர் எனக்கு மாமன் முறை. அவருடைய மகனை நான் அத்தான் என்று அழைப்பேன். அவர் திருச்சியில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கிப் பி.யு.சி. படித்துவந்தார். எங்கள் தெருவிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தாம். படிப்பில் மட்டுமல்ல, ஓட்டத்திலும் கெட்டிக்காரர். பள்ளியில் ஓடிப் பரிசாக வாங்கிய கிண்ணம் ஒன்று மாமா வீட்டு மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஒரு நாள் பிற்பகல், விடுதிக் காப்பாளரிடமிருந்து மாமாவுக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. முழுவதும் ஆங்கிலம். களத்திலிருந்து வந்த கையோடு அதை என்னிடம் நீட்டி, "மாப்பிள்ளே, இதைப் படிச்சுச் சொல்லு" என்றார் மாமா. நான்கே வரிதான். அதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. 'உங்கள் மகன் நான்கு நாளாக ரன்னிங்' என்றிருந்தது. 'டெம்பரேச்சர்' என்ற சொல் வந்தது. வெப்பநிலை என்று அறிவியல் பாடத்தில் படித்திருந்தேன். 'டாக்டர் அட்டெண்ட் செய்கிறார்' என்றும் இருந்தது. 'அட்டெண்டன்ஸ்' என்றால் வருகை என்பது யாருக்குத் தெரியாது? நாள்தோறும் காலையில் வகுப்பில் எடுப்பதுதானே! நான் கூட்டிப் பார்த்துச் சொன்னேன்: "கல்லூரியிலே ஓட்டப்பந்தயம் நடக்குது மாமா. அத்தான் நாலு நாளா வெயில்லே ஓடிக்கிட்டிருக்காங்க. டாக்டர்கூட வந்து பார்த்திருக்காரு."

மாமாவுக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நான்கு பேருக்குச் சொன்னார். அத்தை கிண்ணத்தை எடுத்துப் புளி போட்டு விளக்கி மீண்டும் மாடத்தில் வைத்தார்.

நான்காம் நாள் தந்தி வந்தது. இந்த முறை என்னிடம் கொடுக்கவில்லை. தந்தியைக் கொண்டுவந்தவரே பொருளைச் சொல்லிவிட்டார். மாமாவும் அத்தையும் அன்றிரவே புறப்பட்டுப் போனார்கள். அத்தானுக்குக் குடற்காய்ச்சல். மருத்துவமனையில் கிடந்தார். 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்றால் உடம்பில் காய்ச்சல் அடிக்கிறது என்று பொருள். 'அட்டெண்ட்' என்றால் மருத்துவர் உடனிருந்து சிகிச்சை செய்கிறார் என்று பொருள். ஓட்டமும் இல்லை, பந்தயமும் இல்லை.

அத்தான் பிழைத்துவிட்டார். ஆனால் அந்தப் பங்குனியில் தேர்வு எழுத முடியவில்லை. மறு ஆண்டு எழுதலாம் என்றார்கள். மாமாவோ, "படிச்சது போதும், உசிரோட கிடைச்சானே" என்று ஊரோடு வைத்துக்கொண்டார். என் தவறினால்தான் அவர் படிப்புப் போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். நான் சரியாகப் படித்துச் சொல்லியிருந்தாலும் காய்ச்சல் காய்ச்சல்தான், தேர்வும் போயிருக்கும். ஆனால் ஒரு பிள்ளை நினைவு தப்பிக் கிடந்த நாட்களில் அவன் தாய் நூறு கல்லுக்குள் இருந்துகொண்டு கிண்ணத்தை விளக்கிக்கொண்டிருந்தாளே, அந்த நான்கு நாட்களுக்குக் கணக்கு யாரிடம்? மாமா என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. அத்தை மட்டும் ஒருமுறை, "பாவம், நீயும் சின்னப் பிள்ளைதானே" என்றார். கடிந்திருந்தாலே எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அட்டையைப் படித்தபோதே எனக்குள் ஒரு நெருடல் இருந்தது. ஓட்டப்பந்தயத்துக்கு டாக்டர் எதற்கு? பையன் ஓடுவதைச் சொல்லக் காப்பாளர் அஞ்சலட்டை எழுதுவானேன்? இந்தக் கேள்விகள் மனத்தில் தட்டியும், 'எல்லாச் சொல்லும் தெரிந்த சொல்தானே' என்ற துணிச்சல் அவற்றை அமுக்கிவிட்டது. தெரிந்த சொற்களெல்லாம் சேர்ந்து ஒரு விசித்திரமான செய்தியைச் சொல்லுமானால், அப்போது சந்தேகிக்க வேண்டியது செய்தியை அன்று. அந்தத் தெரிந்த சொற்களைத்தான். இதை நான் கற்க அந்த அட்டை வேண்டியிருந்தது.

பின்னாளில் ஆங்கிலம் கற்பிப்பதே என் தொழிலாயிற்று. பெரிய அகராதி ஒன்று முதன்முதலாக என் கைக்கு எட்டிய அன்று, நான் புரட்டிய பக்கம் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 'ரன்' என்ற சொல், ஒரு பத்தியில் அடங்காமல், பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் சொல் என்னை மட்டுமா திணற அடித்தது? ஆங்கில அகராதியின் தந்தை போல் மதிக்கப்படும் சாமுவேல் ஜான்சன், 1755-இல் தம் அகராதியை வெளியிட்டார். அதன் முன்னுரையில், பொருள் வரையறைக்குள் நிற்காமல் நழுவித் தமக்குத் தொல்லை தந்த சிறு வினைச்சொற்களை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். 'ரன்' அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதன்பின் வந்தது ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. ஜேம்ஸ் மர்ரே என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1879-இல் அதன் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். தம் வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, சுவர் முழுவதும் புறாக்கூடு போன்ற அறைகள் அமைத்து, அவற்றில் துண்டுச் சீட்டுகளை அடுக்கினார். ஆங்கிலம் வழங்கிய நாடுகளிலிருந்தெல்லாம் ஊர் பேர் அறியாத வாசகர்கள், தாம் படித்த நூல்களில் ஒரு சொல் ஆளப்பட்ட வாக்கியங்களைச் சீட்டுகளில் எழுதி அவருக்கு அனுப்பினார்கள். அந்தச் சீட்டுகளைப் பிரித்து, கலைத்து, மீண்டும் பிரித்துத்தான் ஒவ்வொரு பொருளும் கண்டறியப்பட்டது. அகராதி செய்பவர் பொருளை விதிப்பதில்லை. பிறர் எழுதியதிலிருந்து கண்டெடுக்கிறார். இதை மாணவர்கள் பலர் அறிவதில்லை. 1884-இல் முதல் பகுதி வெளிவந்தது. வேலை முடியும் முன்னரே 1915-இல் மர்ரே காலமானார். அகராதி நிறைவெய்தியது 1928-இல்.

அந்த அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தபோது, மிகப் பல பொருள் கொண்ட சொல் என்ற பெருமை 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. 430 பொருள்கள் என்று கணக்கிட்டார்கள். மூன்றாம் பதிப்புக்காகச் சொற்களை மறுபடி ஆராய்ந்தபோது நிலைமை மாறிற்று. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் 'ரன்' என்ற ஒரே சொல்லுடன் ஒன்பது மாதங்களுக்கு மேல் மல்லுக்கு நின்றார். 2011-இல் அவர் கணக்கைச் சொன்னபோது, அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் இருந்தன. ஒரு பொருளைச் சொல்லிக் கொடுத்த என் பள்ளி ஆசிரியர் மீதியிருந்த 644-ஐ எனக்கு விட்டுவைத்திருந்தார்!

இத்தனையும் எங்கிருந்து முளைத்தன? 645-ஐயும் நெட்டுருப் போட வேண்டும் என்று அஞ்சாதீர்கள். ஆங்கிலேயரில் ஒருவர்கூட அப்படிக் கற்றதில்லை. ஒரு வேரிலிருந்து கிளைவிட்டவை அவை. அந்தக் கிளைகளில் பாதியை நீங்கள் தமிழ் பேசும்போதே அறிவீர்கள்.

காலால் விரைந்து செல்வது ஓட்டம். காலே இல்லாத ஆறும் ஓடுகிறது. ஆங்கிலத்திலும் ஆறு 'ரன்'தான். ஆங்கிலத்துக்கு உறவான ஜெர்மன் மொழியில் இந்தச் சொல்லின் உடன்பிறப்புகள் இரண்டு, ஒன்றுக்கு நீர் ஒழுகுதல், மற்றொன்றுக்கு ஓடுதல் என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. நீர் ஓடினால் இரத்தமும் ஓடும், காலமும் ஓடும். கடிகாரம் ஓடுகிறது, தறி ஓடுகிறது, பேருந்து ஓடுகிறது என்று நாம் சொல்லும் இடங்களிலெல்லாம் ஆங்கிலேயனும் இதே சொல்லைச் சொல்கிறான். இயந்திரங்கள் பெருகப் பெருக அந்தச் சொல்லுக்கு வேலையும் பெருகிற்று. இன்று கணிப்பொறியில் ஒரு நிரலை இயக்குவதும் 'ரன்'. புதுத் தேரை முதன்முதல் இழுத்துப் பார்ப்பதை நாம் வெள்ளோட்டம் என்கிறோம். ஆங்கிலத்தில் 'டிரையல் ரன்'. இரு மொழியும் கலந்து பேசி வைத்துக்கொண்டது போல் இல்லையா?

இடையில் ஒரு சிறு செய்தி. ஆங்கிலத்தின் 'ரன்' அன்றி, இலத்தீன் மொழியில் ஓடுதலைக் குறித்த வேறொரு சொல்லும் ஆங்கிலத்துக்குள் வந்து குடியேறியிருக்கிறது. மின்சாரத்துக்கு வழங்கும் 'கரன்ட்' அதன் வழி வந்தது. நாம் மின்னோட்டம் என்று மொழிபெயர்த்தது வேருக்கே பொருந்திவிட்டது. பாடத்திட்டத்தைக் குறிக்கும் 'கரிக்குலம்' என்ற சொல்லும் அதே குடும்பந்தான். அதன் பழைய பொருள் ஓட்டம், பந்தயத் தடம் என்பன. தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் மூச்சிரைப்பதன் காரணம் இதுதானோ என்னவோ!

நாடகமும் படமும் கூட ஓடுகின்றன. 'ஹரிதாஸ்' என்ற தமிழ்ப் படம் 1944-இல் வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்ட்ராப்' என்ற நாடகம் 1952 நவம்பரில் தொடங்கிற்று. கொள்ளைநோய்க் காலத்தில் 2020-இல் நின்று, மறு ஆண்டு மீண்டும் தொடங்கி நடந்துவருகிறது. அதன் நீண்ட ஆயுளைச் சொல்ல ஆங்கிலேயர் ஆள்வதும் 'ரன்' என்ற சொல்லையே.

கிரிக்கெட்டிலோ வேடிக்கை இன்னும் அதிகம். மட்டையாளர்கள் இருவரும் குறுக்கே ஓடி எடுப்பதால் 'ரன்' என்று பெயர் வந்தது. நாமும் ஓட்டம் என்கிறோம். ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால், ஒருவரும் ஓர் அடிகூட எடுத்து வைக்காமலே நான்கு ஓட்டங்கள் கிடைக்கின்றன! பெயர் நின்றுவிட்டது, ஓட்டம் போய்விட்டது. 1948 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் டான் பிராட்மன் தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்துக்கு இறங்கியபோது, சராசரி 100 ஆவதற்கு அவருக்கு வேண்டியிருந்தவை நான்கே ஓட்டங்கள். இரண்டாம் பந்திலேயே சுழியில் ஆட்டமிழந்தார். 6,996 ஓட்டங்கள், சராசரி 99.94 என்று கணக்கு நின்றுவிட்டது. ஓடாமலே பெற்றிருக்கக்கூடிய நான்கு ஓட்டங்கள்!

இதுவரை இரு மொழியும் கைகோத்து வந்தன. இனிப் பிரிகின்றன, கவனமும் இங்கேதான் வேண்டும். ஆங்கிலத்தில் சளி பிடித்தவனின் மூக்கு 'ரன்' ஆகும். தமிழில் மூக்கு ஒழுகுமேயன்றி ஓடாது; ஓடினால் பிடிப்பது எப்படி? துவைத்த துணியின் நிறம் அங்கே ஓடும். இங்கே சாயம் போகும். வீட்டில் அரிசி தீர்ந்துபோவதற்கும் அவர்களுக்கு ஓட்டந்தான். அமெரிக்காவில் ஒருவர் தேர்தலில் 'ரன்' செய்கிறார். அதே ஆங்கிலம் பேசும் இங்கிலாந்தில் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்கிறார்; அதாவது நிற்கிறார். நாமும் தேர்தலில் நிற்கிறோம். ஓடுகிறவரும் நிற்கிறவரும் நாடுவது ஒரே நாற்காலியைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த வேற்றுமை ஒன்றைச் சொல்கிறேன். 'அவர் ஒரு பள்ளிக்கூடத்தை ரன் செய்கிறார்' என்பது ஆங்கிலம். அதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? 'பள்ளிக்கூடம் நடத்துகிறார்' என்பீர்கள். நடத்துதல் என்றால் நடக்கச் செய்தல். ஆங்கிலேயன் ஓட வைக்கும் நிறுவனத்தைத் தமிழன் நடக்க வைக்கிறான்! நாம் ஓட்டுவதே இல்லை என்பதில்லை. கடையை நடத்துகிறார் என்று சொல்வதற்கும், ஏதோ கடையை ஓட்டுகிறார் என்று சொல்வதற்கும் எவ்வளவு தூரம், பாருங்கள். குடும்பம் நடத்துகிறோம் என்பவர் முகத்தில் நிறைவு இருக்கும். குடும்பத்தை ஓட்டுகிறோம் என்பவர் மாதக் கடைசியில் இருக்கிறார் என்று கொள்ளலாம். இந்த நுட்பத்தை உங்களுக்கு எந்த ஆசிரியரும் கற்பிக்கவில்லை. திண்ணையிலும் அடுக்களையிலும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். ஆங்கிலத்தின் நுட்பத்தை நமக்குச் சொல்லத் திண்ணை இல்லை. நூல்களைப் படித்துத்தான் அந்தக் கேள்வியறிவைப் பெற வேண்டியிருக்கிறது.

அடுத்தபடி, 'ரன்' என்ற சொல்லின் பின்னால் ஒட்டி வரும் குட்டிச் சொற்கள். 'இன்டு' சேர்ந்தால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்தித்தல், வண்டியானால் மோதுதல். 'ஓவர்' சேர்ந்தால் வண்டி ஏறிவிட்டது என்ற கொடுமையும் வரும், பாலோ தண்ணீரோ வழிந்தது என்ற சாதாரணச் செய்தியும் வரும். 'டவுன்' சேர்ந்தால் ஒருவரை இகழ்ந்து பேசுதல், உடல் நலிதல், கடிகாரம் சாவி தீர்ந்து நிற்றல். 'அப்' சேர்ந்தால் கொடியேற்றுதல். கடன் ஏற்றிக்கொள்வதும் அதுவே. இது ஆங்கிலத்தின் கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். 'ஓடினாள்' என்பதற்கும் 'ஓடிப்போனாள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை, தமிழ் கற்க வரும் வெளிநாட்டார் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். முன்னதில் பேருந்து தப்பிவிடும் என்ற அவசரம். பின்னதில் ஒரு குடும்பத்தின் தலைகுனிவு. இடையில் இருப்பது 'போ' என்ற ஓர் எழுத்துத்தான்.

ஒரு சொல்லின் பல பொருள்களும், எழுத்தொலி மட்டும் ஒத்த பல சொற்களும் வேறு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கூரையில் வேயும் ஓடும், ஆமையின் ஓடும், 'அவனோடு வந்தான்' என்பதில் வரும் ஓடும், காலால் ஓடும் ஓட்டத்திலிருந்து பிறந்தவை அல்ல. அகராதி அவற்றைத் தனித்தனித் தலைப்பில் வைக்கும். ஆனால் ஆறு ஓடுவதும் படம் ஓடுவதும் ஒரே தலைப்பின் கீழ் வரும். ஆங்கில அகராதியைப் பார்க்கும்போது, நீங்கள் தேடும் பொருள் முதல் தலைப்பில் இல்லையென்றால், அடுத்த தலைப்பையும் பார்த்துவிட்டு மூடுங்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு விடைத்தாள் நினைவுக்கு வருகிறது. மொழிபெயர்ப்புத் தேர்வில் 'ரன் ஆன் த பேங்க்' என்று வரும் வாக்கியம் ஒன்று கேட்கப்பட்டிருந்தது. 'மக்கள் ஆற்றங்கரையில் ஓடினார்கள்' என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். 'பேங்க்' என்பதற்கு ஆற்றங்கரை என்ற பொருளும் உண்டு. அதை அவர் அறிந்திருந்தார். அதற்காக மகிழலாம். வாக்கியத்திலும் பிழை இல்லை. இரண்டு சொல்லும் தெரிந்த சொல், இரண்டும் கைவிட்டுவிட்டன. என்னால் மதிப்பெண் போட முடியவில்லை. சிரிக்கவும் முடியவில்லை.

வங்கியில் பணம் போட்டவர்கள் எல்லோரும் அஞ்சி ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்பதற்குத்தான் அந்தப் பெயர். வங்கி நம் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்துவிட்டு, அன்றாடத் தேவைக்கு ஒரு பகுதியையே கையில் வைத்திருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றால், நல்ல வங்கியும் தத்தளிக்கும். தத்தளிக்கிறது என்ற செய்தி பரவப் பரவ, வராதவர்களும் வருவார்கள். 2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் 'நார்தர்ன் ராக்' என்ற வங்கிக்கு இது நேர்ந்தது. இங்கிலாந்து வங்கியிடம் அது அவசர உதவி கேட்டது என்று தெரிந்த மறுநாளே, கிளைகளின் வாசலில் நீண்ட வரிசைகள் நின்றன. நான்காம் நாள், போட்ட பணத்துக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்த பிறகே கூட்டம் கலைந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் வங்கி அரசுடைமையாயிற்று. பெயரோ ஓட்டம், வந்தவர்களோ மணிக்கணக்காக அசையாமல் நின்றார்கள். இதையெல்லாம் ஆற்றங்கரையில் ஓடியதாக ஒருவர் வாசித்துவிட்டுப் போனால், நாட்டின் பொருளாதாரச் செய்தி ஒன்று அவருக்கு உடற்பயிற்சிச் செய்தியாகிவிடுகிறது. என் அஞ்சலட்டையும் அப்படித்தான் ஆயிற்று.

கடைசியாக ஓர் இடத்தில் சற்றே நிற்க விரும்புகிறேன். ஆங்கிலத்தில் ஒரு தாளின்மேல் கண்ணை 'ரன்' செய்வது என்றால், மேலோட்டமாகப் பார்ப்பது. ஆழ்ந்து படிக்கவில்லை என்ற குறிப்பு அதில் உண்டு. நம் மொழியிலும் கண் ஓடுகிறது. கண்ணோட்டம் என்பது திருக்குறளில் 58-ஆம் அதிகாரத்தின் பெயர். அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள். துன்புறுபவரைக் கண்டால் கண் அவர்பால் ஓடிச் செல்வது. ஆங்கிலேயனுக்குக் கண் ஓடினால் அக்கறைக் குறைவு. நம் முன்னோருக்குக் கண் ஓடினால் அருள். இன்று நாமோ 'இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால்' என்று, நோக்கு என்ற பொருளில் அதே சொல்லை நாளிதழ்களில் எழுதுகிறோம். குறளில் அந்தச் சொல்லைக் காணும் மாணவர் ஒருவர், 'இது எனக்குத் தெரிந்த சொல்தானே' என்று இன்றைய பொருளை வைத்துப் படித்தால், வள்ளுவர் ஒன்று சொல்ல, இவர் வேறொன்று கேட்டிருப்பார். தமிழ் தெரிந்தவர்களுக்கே தமிழில் நேரக்கூடிய பிழை இது.

அத்தானைச் சில ஆண்டுகளுக்கு முன் ஊரில் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் எடுத்து, தளர்ந்த உடம்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில், இந்தச் சொல்லுக்கு 645 பொருள் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அந்த அட்டையிலே இருந்தது எத்தனாவது?" என்று கேட்டார். நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்து நண்பர் கையைக் காட்டுகிறார். எனக்குத் தந்த நேரம் ஆயிற்று என்று பொருள். இதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.